டாம்கேட்டில் இயங்கும் வலைச்சேவைக்குச் செய்திக் குறியாக்கம் அமைக்கும் முறை

மருத்துவமனை ஒன்றின் கணினி, நோயாளிகளின் சிகிச்சை விவரங்களையும் செலவுக் கணக்கையும் காப்பீட்டு நிறுவனத்தின் வலைச்சேவைக்கு எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும் சோப் வடிவச் செய்தியாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் நடக்கிறது. எனவே பாதுகாப்பு வேலை முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான நிறுவனங்களின் வாசலில், வரும் கோரிக்கைகளை உள்ளே பிரித்தனுப்பும் ஒரு லோட் பேலன்சரோ கேட்வேயோ இருக்கும். எச்டிடிபிஎஸ்ஸுக்குப் பாதுகாப்புத் தரும் டிஎல்எஸ் இணைப்பு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு செய்தி வெறும் எக்ஸ்எம்எல்லாக உள்வலையில் போகும், வரிசைகளில் காத்திருக்கும், பதிவுக் கோப்புகளில் தங்கிவிடும். ஒருவருடைய நோயின் பெயர் பதிவுக் கோப்பில் கிடந்தால், அந்தக் கோப்பைத் திறக்க உரிமை பெற்ற ஒவ்வொருவரும் அதைப் படிக்க முடியும். இதைத் தடுக்க வேண்டுமானால், இணைப்போடு நிற்காமல் செய்தியையே குறியாக்கம் செய்தாக வேண்டும்.

இதற்கான தரங்கள் புதியவை அல்ல. எக்ஸ்எம்எல் குறியாக்கத்துக்கான பரிந்துரையை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2002 டிசம்பரில் வெளியிட்டது; அதை சோப் செய்திகளில் எப்படிப் பொருத்துவது என்று கூறும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தரத்தை ஓயாசிஸ் என்னும் தர அமைப்பு 2004-இலும், அதன் 1.1 பதிப்பை 2006-இலும் ஏற்றது. வங்கி, காப்பீடு, அரசுத் துறை போன்ற இடங்களில் சோப் சேவைகள் இன்றும் பரவலாக இயங்குவதால், இந்தப் பணிக்குப் புதிதாக வருபவர் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை, ஜாவா செயலிகளை இயக்கும் அப்பாச்சி டாம்கேட் சர்வரில், வலைச்சேவை எழுத உதவும் அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் நூலகம் கொண்டு எழுதப்பட்ட சேவையை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. சொந்தக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம். அமைப்புப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் தட்டச்சிட வேண்டும்.

தேவையானவை

சிஎக்ஸ்எஃப் 4 வரிசைக்கு ஜாவா 17 வேண்டும். அது ஜாவா தொகுப்புகளின் புதிய ஜகார்த்தா பெயர்களைப் பயன்படுத்துவதால் டாம்கேட் 10.1-இல் இயங்கும். பழைய ஜாவாஎக்ஸ் பெயர்களில் எழுதப்பட்ட செயலியைப் பராமரிப்பவர் டாம்கேட் 9-உடன் சிஎக்ஸ்எஃப் 3 வரிசையிலேயே இருக்கலாம். கீழே வரும் அமைப்புகள் பெரும்பாலும் அங்கும் பொருந்தும். தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் மேவன் கோப்பில் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் முன்முனைக்கும் எச்டிடிபி போக்குவரத்துக்குமான தொகுதிகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றோடு டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தொகுதியையும் அதே பதிப்பு எண்ணில் சேருங்கள். உண்மையான குறியாக்க வேலையைச் செய்யும் டபிள்யூஎஸ்எஸ்4ஜே நூலகம் அதனுடன் தானாகவே வந்துவிடும். அதைத் தனியாக வேறொரு பதிப்பில் சேர்க்க வேண்டாம். இரு பதிப்புகள் மோதினால் வரும் பிழைகள் காரணத்தை எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை.

யாருடைய சாவி, எந்தத் திசையில்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். ஆகவே அமைப்புகளைத் தொடுவதற்கு முன் இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு தரப்பிடமும் ஒரு சாவி ஜோடி உண்டு: யாருக்கும் தரக்கூடிய பொதுச் சாவி, தான் மட்டும் வைத்திருக்கும் தனிச் சாவி. மருத்துவமனை அனுப்பும் கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மட்டுமே படிக்க வேண்டும். எனவே அது காப்பீட்டு நிறுவனத்தின் பொதுச் சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டு, அந்த நிறுவனத்தின் தனிச் சாவியால் திறக்கப்படும். பதில் வரும்போது திசை மாறுகிறது: மருத்துவமனையின் பொதுச் சாவியால் குறியாக்கம், மருத்துவமனையின் தனிச் சாவியால் திறப்பு. கையொப்பத்துக்கு இது நேர் எதிர். அனுப்புபவர் தம் தனிச் சாவியால் ஒப்பமிடுகிறார். பெறுபவர் அனுப்பியவரின் பொதுச் சாவியால் சரிபார்க்கிறார்.

ஆக, ஒவ்வொரு தரப்பிடமும் தன் தனிச் சாவியும் மறுதரப்பின் பொதுச் சாவி அடங்கிய சான்றிதழும் இருக்க வேண்டும். தனிச் சாவி உருவான கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. மறுதரப்பிலிருந்து யாராவது சாவிகள் அடங்கிய கீஸ்டோர் கோப்பையே கடவுச்சொல்லோடு மின்னஞ்சலில் அனுப்பினால், அதைப் பயன்படுத்தாமல், புதிய சாவி உருவாக்கிச் சான்றிதழை மட்டும் அனுப்பும்படி கேட்பதே முறை.

உண்மையில் இந்தச் சாவி ஜோடி, அதாவது ஆர்எஸ்ஏ முறையின் சாவி, செய்தி முழுவதையும் குறியாக்கம் செய்வதில்லை. அதற்கு அது மிக மெதுவானது, அளவு வரம்பும் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக ஒரு ஏஇஎஸ் சாவி (மூடவும் திறக்கவும் ஒன்றே பயன்படும் வகை) உருவாக்கப்பட்டு, செய்தியின் உடல் அதனால் குறியாக்கம் ஆகிறது. அந்தச் சிறிய ஏஇஎஸ் சாவியை மட்டுமே பெறுபவரின் ஆர்எஸ்ஏ பொதுச் சாவி மூடுகிறது. இந்த இரண்டு அடுக்கையும் நினைவில் வைத்தால், பின்னால் வரும் நெறிமுறை (அல்காரிதம்) தேர்வுகள் இரண்டு ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பது விளங்கும்.

சாவிகளை உருவாக்குதல்

ஜாவாவோடு வரும் கீடூல் கருவி போதுமானது. காப்பீட்டுத் தரப்பில் 'ஜென்கீபேர்' கட்டளையை இயக்கி, சாவி வகை ஆர்எஸ்ஏ என்றும், நீளம் 3072 பிட் என்றும், கிடங்கு (கீஸ்டோர்) வகை பிகேசிஎஸ்12 என்றும், அலியாஸ் (கிடங்கில் சாவிக்கு இடும் பெயர்) 'இன்சூரர்' என்றும் கொடுங்கள். செல்லுபடிக் காலத்தை மறக்காமல் குறிப்பிட வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் கீடூல் 90 நாள்களுக்கே சான்றிதழ் தரும். சோதனையெல்லாம் முடிந்து சேவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, மூன்றாம் மாத முடிவில் அது திடீரென்று நின்றுபோகப் பல இடங்களில் இந்த 90 நாள்தான் காரணம். அலியாஸைச் சிற்றெழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிகேசிஎஸ்12 வகையில் கிடங்குக்கும் சாவிக்கும் ஒரே கடவுச்சொல்தான் என்பதையும் கவனியுங்கள்.

பிறகு 'எக்ஸ்போர்ட்சர்ட்' கட்டளையால் சான்றிதழை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே 'இம்போர்ட்சர்ட்' கட்டளையால் அது அவர்களுடைய கீஸ்டோரில் சேர்க்கப்படும். இதே வேலையை மருத்துவமனைத் தரப்பும் 'ஹாஸ்பிடல்' என்ற அலியாஸில் செய்து, தன் சான்றிதழை இங்கே அனுப்ப வேண்டும். சேர்க்கும்போது கீடூல் சான்றிதழின் ஷா-256 கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எழுத்து வரிசையை) திரையில் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். உடனே ஆம் என்று அழுத்திவிடாமல், மறுதரப்பைத் தொலைபேசியில் அழைத்து அந்தக் கைரேகையை ஒப்பிட்டுப் பாருங்கள். வழியில் யாராவது சான்றிதழை மாற்றியிருந்தால், இதற்குப் பிறகு வரும் எந்த அமைப்பும் அதைக் கண்டுபிடிக்காது.

முடிவில் 'லிஸ்ட்' கட்டளையை இயக்கினால், சொந்தச் சாவி 'பிரைவேட்கீஎன்ட்ரி' என்றும் மறுதரப்பினுடையது 'ட்ரஸ்டட்சர்ட்என்ட்ரி' என்றும் தெரிய வேண்டும். இப்படித் தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள்.

பண்புக் கோப்பும் கடவுச்சொல் வகுப்பும்

டபிள்யூஎஸ்எஸ்4ஜே கீஸ்டோரைக் கண்டுபிடிக்க ஒரு பண்புக் கோப்பு வேண்டும். அதில் கிரிப்டோ வழங்குநராக 'மெர்லின்' வகுப்பின் முழுப் பெயர், கீஸ்டோரின் வகை, கடவுச்சொல், இயல்பு அலியாஸ், கோப்பின் இடம் ஆகிய ஐந்து வரிகள் போதும். பண்புக் கோப்பு, செயலி தன் கோப்புகளைத் தேடும் இடமான கிளாஸ்பாத்தில் இருக்கட்டும். கீஸ்டோரை மட்டும் செயலியைப் பொதிந்து வைக்கும் வார் கோப்புக்குள் வைக்காமல், டாம்கேட் பயனர் மட்டும் படிக்கக்கூடிய தனி அடைவில் வைப்பதே பாதுகாப்பானது. வார் கோப்பு பில்டு சர்வரிலும் களஞ்சியத்திலும் பலருடைய மடிக்கணினியிலும் நகல் நகலாகப் பரவும். தனிச் சாவியும் அதோடு பரவ விடக்கூடாது. பண்புக் கோப்பில் உள்ள கடவுச்சொல்லையும் குறியாக்கம் செய்து எழுத டபிள்யூஎஸ்எஸ்4ஜே இடம் தருகிறது.

அடுத்து, கால்பேக் ஹேண்ட்லர் இடைமுகத்தைக் கொண்ட ஒரு சிறு ஜாவா வகுப்பை எழுத வேண்டும். தனிச் சாவியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தருணத்திலும் நூலகம் இந்த வகுப்பை அலியாஸோடு அழைக்கும். வகுப்பு அந்த அலியாஸுக்குரிய கடவுச்சொல்லை அமைத்துத் திருப்ப வேண்டும். குறியாக்கத்தைத் திறக்கவும் ஒப்பமிடவும் மட்டுமே இது தேவை. மறுதரப்பின் பொதுச் சாவியால் குறியாக்கம் செய்யக் கடவுச்சொல் எதுவும் வேண்டியதில்லை.

இன்டர்செப்டர்களை இணைத்தல்

சிஎக்ஸ்எஃப்பில் வெளியே போகும் செய்திக்கு ஒன்றும், உள்ளே வரும் செய்திக்கு ஒன்றுமாக இரண்டு டபிள்யூஎஸ்எஸ்4ஜே இன்டர்செப்டர்கள் (செய்தியை வழியில் எடுத்துச் செயல்படும் பகுதிகள்) உண்டு. மருத்துவமனையின் வெளிச்செல்லும் இன்டர்செப்டரில் 'ஆக்‌ஷன்' என்னும் பண்புக்கு 'டைம்ஸ்டாம்ப்', 'சிக்னேச்சர்', 'என்கிரிப்ஷன்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில், இடையில் வெற்றிடம் விட்டுக் கொடுங்கள். வரிசைக்குப் பொருள் உண்டு: முதலில் நேரமுத்திரை, பிறகு கையொப்பம், கடைசியில் குறியாக்கம். 'யூசர்' பண்புக்குத் தன் அலியாஸான 'ஹாஸ்பிடல்'. 'என்கிரிப்ஷன்யூசர்' பண்புக்கு மறுதரப்பின் அலியாஸான 'இன்சூரர்'. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு நாள் முழுவதும் தேடுபவர்கள் ஏராளம். ஒப்பத்துக்கும் குறியாக்கத்துக்குமான பண்புக் கோப்பு, கடவுச்சொல் வகுப்பு ஆகியவற்றையும் இங்கேயே சுட்டுங்கள்.

எதை ஒப்பமிடுவது, எதை மறைப்பது என்பதை 'சிக்னேச்சர்பார்ட்ஸ்', 'என்கிரிப்ஷன்பார்ட்ஸ்' பண்புகள் தீர்மானிக்கின்றன. எதுவும் குறிப்பிடாவிட்டால் இரண்டும் சோப் உடலை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நேரமுத்திரைக்கும் ஒப்பம் இருந்தால்தான் பழைய செய்தியின் நேரத்தைத் திருத்தி யாரும் மறுபடி அனுப்ப முடியாது. ஆகவே ஒப்பப் பட்டியலில் உடலோடு நேரமுத்திரையையும் சேருங்கள். குறியாக்கப் பட்டியலில் 'கன்டென்ட்' என்று குறித்தால் கூறின் உள்ளடக்கம் மட்டும் மறையும், கூறின் பெயர் தெரியும். 'எலிமென்ட்' என்றால் பெயரும் சேர்ந்து மறையும். சோப் உடலுக்குக் 'கன்டென்ட்'தான் பொருத்தம், ஏனெனில் உடல் என்னும் கூறு வெளியே தெரியாவிட்டால் அது சோப் செய்தியாகவே இராது. கேட்வே வழிப்படுத்தலுக்குப் பார்க்க வேண்டிய தலைப்புகளைத் திறந்தே விட்டுவிடலாம். இந்த வசதி டிஎல்எஸ்ஸில் கிடையாது.

காப்பீட்டுத் தரப்பின் உள்வரும் இன்டர்செப்டரில் அதே மூன்று செயல்களைக் கொண்ட 'ஆக்‌ஷன்', ஒப்பச் சரிபார்ப்புக்கும் 'டிகிரிப்ஷன்' பண்புக்குமான கோப்பு, கடவுச்சொல் வகுப்பு ஆகியவற்றை அமைக்க வேண்டும். பதிலுக்கான வெளிச்செல்லும் இன்டர்செப்டரும் இதே வடிவம்தான். அங்கே ஒரு நல்ல வசதி உண்டு. ஒரே சேவையைப் பல மருத்துவமனைகள் அழைக்கும்போது 'என்கிரிப்ஷன்யூசர்' பண்புக்கு 'யூஸ்ரெக்சிக்சர்ட்' என்னும் மதிப்பைக் கொடுத்தால், கோரிக்கையில் ஒப்பமிட்டவரின் சான்றிதழையே எடுத்து, பதிலை அவருக்கு மட்டும் குறியாக்கம் செய்யும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனி அமைப்பு எழுதத் தேவையில்லை.

பிழைச் செய்திகளுக்கு சிஎக்ஸ்எஃப்பில் தனி இன்டர்செப்டர் பட்டியல் இருப்பதையும் மறக்கக்கூடாது. வெளிச்செல்லும் இன்டர்செப்டரை வெளிச்செல்லும் பிழைப் பட்டியலிலும் சேர்க்காவிட்டால், நல்ல பதில்களெல்லாம் குறியாக்கத்தோடு போக, 'இந்த நோயாளிக்கு இந்தச் சிகிச்சை காப்பீட்டில் அடங்காது' என்னும் பிழைச் செய்தி மட்டும் வெட்டவெளியாகப் போகும். கோரிக்கையின் ஒப்பம் சரிபார்க்கப்படுவதற்கு முன்பே எழும் பிழைகளை இந்த முறையில் குறியாக்கம் செய்ய வழியில்லை. அவற்றில் விவரம் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெறிமுறைகளைத் தேர்ந்தெடுத்தல்

இயல்பு மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. அவற்றை நம்பியிராமல் நீங்களே எழுதிவிடுங்கள். சாவியை மூடும் நெறிமுறைக்கு ஆர்எஸ்ஏ-ஓஏஇபி, உடலைக் குறியாக்கம் செய்யும் நெறிமுறைக்கு ஏஇஎஸ்-ஜிசிஎம். இவை வெறும் விருப்பத்தேர்வுகள் அல்ல. பழைய ஆர்எஸ்ஏ 1.5 முறையில், சர்வர் தரும் பிழை மறுமொழிகளை வைத்தே மூடிய சாவியைக் கண்டறிய முடியும் என்று டேனியல் பிளைக்கன்பாகர் 1998-இல் காட்டினார். உடலுக்கு ஏஇஎஸ்ஸின் பழைய சிபிசி முறையைப் பயன்படுத்தினால், சர்வருக்குத் திருத்திய செய்திகளை மீண்டும் மீண்டும் அனுப்பி, அது எப்போது பிழை சொல்கிறது என்று பார்த்தே முழு உள்ளடக்கத்தையும் மீட்டுவிடலாம் என்று ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்களான டிபோர் யாகரும் யுராய் சொமொரோவ்ஸ்கியும் 2011-இல் நிறுவினார்கள். அதன் பிறகு 2013-இல் வந்த எக்ஸ்எம்எல் குறியாக்கம் 1.1 பரிந்துரையில் ஏஇஎஸ்-ஜிசிஎம் இடம்பெற்றது. டபிள்யூஎஸ்எஸ்4ஜே 2.0 முதல் ஆர்எஸ்ஏ 1.5 இயல்பாகவே மறுக்கப்படுகிறது. பழைய சேவை ஒன்றோடு பேச வேண்டும் என்பதற்காக அந்தத் தடையை நீக்கும்படி யாராவது கேட்டால், மறுதரப்பை மேம்படுத்தச் சொல்லி வற்புறுத்துவதே சரி.

'குறியாக்கம் இருக்கும்போது கையொப்பம் எதற்கு?' என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பொதுச் சாவி என்பது யாரிடமும் இருக்கலாம். எனவே காப்பீட்டு நிறுவனத்துக்கு யார் வேண்டுமானாலும் முறையாகக் குறியாக்கம் செய்த பொய்ச் செய்தியை அனுப்ப முடியும். செய்தியை அனுப்பியவர் யார் என்பதைக் கையொப்பம் மட்டுமே சொல்லும்.

செய்தியைக் கண்ணால் பார்த்தல்

சோதனைச் சூழலில் சிஎக்ஸ்எஃப்பின் லாகிங் வசதியை இயக்கி ஒரு கோரிக்கையை அனுப்புங்கள். சோப் தலைப்பில் செக்யூரிட்டி கூறுக்குள் 'என்கிரிப்டட்கீ' இருக்கும். அதில் எந்தச் சான்றிதழுக்காக மூடப்பட்டது என்ற குறிப்பும், பேஸ்64 (தரவை எழுத்துகளாக மாற்றும் முறை) எழுத்துகளாக ஒரு 'சைஃபர்வேல்யூ'வும் தெரியும். சோப் உடலுக்குள் சிகிச்சை விவரம் எதுவும் இல்லாமல் 'என்கிரிப்டட்டேட்டா' என்னும் ஒரே கூறு இருக்க வேண்டும். நெறிமுறைப் பண்பில் ஜிசிஎம் என்று முடிகிறதா என்று பாருங்கள். நோயாளியின் பெயரைப் பதிவில் தேடிப் பாருங்கள், ஓரிடத்தில்கூடக் கிடைக்கக்கூடாது. பேஸ்64 காரணமாக மறைந்த பகுதி மூன்றில் ஒரு பங்கு பெருத்திருக்கும். கேட்வேயில் செய்தி அளவுக்கு வரம்பு இருந்தால் அதை முன்கூட்டியே உயர்த்தச் சொல்லுங்கள்.

மறுக்கிறதா என்று சோதித்தல்

குறியாக்கம் செய்த செய்தி போய்ச் சேர்ந்து பதில் வந்ததும் பலர் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். என் கணிப்பில் அது பாதி வேலைதான். குறியாக்கம் இல்லாத செய்தியைச் சேவை ஏற்க மறுக்கிறது என்று நிரூபிக்கும்வரை இந்த அமைப்பு முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. ஏனெனில், ஒரு மருத்துவமனையின் செயலி மேம்படுத்தலின்போது இன்டர்செப்டரை இழந்துவிட்டால், கண்டிப்பில்லாத சேவை அந்த வெற்றுச் செய்தியையும் மகிழ்ச்சியாக ஏற்றுப் பதில் தரும். யாருக்கும் எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் விவரங்கள் கசிந்துகொண்டிருக்கும்.

சோப்யூஐ போன்ற கருவியால், பாதுகாப்புத் தலைப்பே இல்லாத கோரிக்கையை அனுப்புங்கள். பிழை வர வேண்டும். அடுத்து, ஒப்பமில்லாமல் குறியாக்கம் மட்டும் செய்த கோரிக்கை, அதற்கும் பிழை. நம்பிக்கைப் பட்டியலில் இல்லாத சாவியால் ஒப்பமிட்ட கோரிக்கை; பிழை. சரியான செய்தியைப் பிடித்து வைத்து ஐந்து நிமிடத்துக்கு மேல் கழித்து அனுப்பினால், நேரமுத்திரையின் இயல்பு ஆயுளான 300 விநாடி கடந்துவிட்டதால் அதுவும் மறுக்கப்பட வேண்டும்.

நுணுக்கமான சோதனை இன்னொன்று உண்டு. 'ஆக்‌ஷன்' பட்டியல், செய்தியில் ஏதோ ஒன்று குறியாக்கம் ஆகியிருக்கிறதா என்று பார்க்குமே தவிர, உடல்தான் குறியாக்கம் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பயனற்ற ஒரு தலைப்பை மட்டும் மறைத்து, உடலைத் திறந்து அனுப்பினாலும் அது கடந்து போகலாம். இதைத் தடுக்க, உள்வரும் இன்டர்செப்டருக்கு அடுத்து 'டிஃபால்ட்கிரிப்டோகவரேஜ்செக்கர்' என்பதைச் சேர்த்து, உடல் குறியாக்கம் ஆகியிருக்க வேண்டும், உடலும் நேரமுத்திரையும் ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று வெளிப்படையாக அமையுங்கள். பிறகு அந்தத் தந்திரச் செய்தியை நீங்களே உருவாக்கி அனுப்பிப் பாருங்கள். இந்தச் சோதனைகளையெல்லாம் தானியங்குச் சோதனைகளாக எழுதி, ஒவ்வொரு வெளியீட்டின்போதும் ஓட விடுவது மிகவும் நல்லது.

இந்தத் தேவைகளையெல்லாம், சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பிலேயே கொள்கையாக எழுதும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டிபாலிசி முறையும் உண்டு. சிஎக்ஸ்எஃப் அதைப் படித்துத் தானே செயல்படுத்தி, தானே சரிபார்க்கும். புதிய சேவைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆயினும் இன்டர்செப்டர் வழியில் ஒரு முறை அமைத்துப் பழகியவருக்குத்தான் கொள்கைக் கோப்பில் ஒவ்வொரு வரியும் எதைச் செய்கிறது என்பது தெளிவாகும்.

வழக்கமாக வரும் பிழைகள்

பாதுகாப்புப் பிழை எழும்போது சிஎக்ஸ்எஃப் அழைத்தவருக்குப் பொதுவான ஒரே வாக்கியத்தைத்தான் அனுப்பும். தாக்குபவருக்குத் துப்புக் கொடுக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. உண்மைக் காரணம் சர்வரின் பதிவில் இருக்கும். முதலில் அங்கே பாருங்கள். சாவி கிடைக்கவில்லை என்று வந்தால், அனுப்பியவர் பழைய சான்றிதழால் குறியாக்கம் செய்திருக்கலாம், அல்லது 'என்கிரிப்ஷன்யூசர்' தவறாக இருக்கலாம். கடவுச்சொல் பற்றிய புகார் என்றால், கால்பேக் வகுப்பு அந்த அலியாஸை அறியவில்லை. செய்தி காலாவதி என்றால் இரு கணினிகளின் கடிகாரங்களையும் ஒப்பிடுங்கள். வருங்கால நேரத்துக்கு இயல்பாக 60 விநாடிதான் சலுகை, ஆகவே இரு தரப்பிலும் கடிகாரங்களைச் சரியாக வைக்கும் என்டிபி ஒத்திசைவு அவசியம். ஒப்பம் மட்டும் பொருந்தாமல் போனால், நடுவிலுள்ள கேட்வே எக்ஸ்எம்எல்லை 'அழகுபடுத்தி' இடைவெளிகளைச் சேர்க்கிறதா என்று விசாரியுங்கள்.

சேவை ஓடத் தொடங்கிய பிறகு

உண்மைச் சூழலில் சுயமாக ஒப்பமிட்ட சான்றிதழுக்குப் பதில் சான்றிதழ் ஆணையம் வழங்கியது பயன்பட்டால், அந்த ஆணையம் வேறு யாருக்கு வழங்கிய சான்றிதழும் நம்பத்தக்கதாகிவிடும். அதைத் தடுக்கச் சான்றிதழின் உரியவர் பெயருக்குக் கட்டுப்பாடு விதிக்கும் பண்பு ஒன்று டபிள்யூஎஸ்எஸ்4ஜேயில் இருக்கிறது. சோதனைக்காக விரிவான பிழைகளைத் திருப்பும்படி எதையாவது இயக்கியிருந்தால் அணைத்துவிடுங்கள். குறியாக்கத்தைத் திறந்த பிறகு செயலியே கோரிக்கை முழுவதையும் பதிவில் எழுதுகிறதா என்றும் பாருங்கள். எழுதினால் இதுவரை செய்த அனைத்தும் வீண்.

சான்றிதழ் காலாவதி நாளைக் குழுவின் நாட்காட்டியில் இரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள். மாற்றும்போது சேவை நிற்கத் தேவையில்லை. முதலில் காப்பீட்டுத் தரப்பின் கீஸ்டோரில் பழைய தனிச் சாவியோடு புதியதையும் வேறொரு அலியாஸில் சேர்த்து, கால்பேக் வகுப்புக்கு இரண்டையும் தெரியப்படுத்துங்கள். எந்தச் சான்றிதழுக்காக மூடப்பட்டது என்ற குறிப்பு ஒவ்வொரு செய்தியிலும் இருப்பதால், நூலகம் உரிய சாவியைத் தானே தேர்ந்துகொள்ளும். அதன் பிறகு புதிய சான்றிதழை மருத்துவமனைகளுக்கு அனுப்பி, அவை ஒவ்வொன்றாகத் தம் 'என்கிரிப்ஷன்யூசர்' மதிப்பை மாற்றும்வரை காத்திருங்கள். பழைய சான்றிதழுக்கு வரும் செய்தி அடியோடு நின்றுவிட்டது என்பதைப் பதிவுகளில் உறுதிசெய்துகொண்ட பின்னரே, பழைய சாவியைக் கீஸ்டோரிலிருந்து நீக்குங்கள்.